தோற்றுக் கொடுக்க முடியாத ஆட்டம்

விருது என்றதும் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, யாருக்குக் கிடைத்தது என்பதல்ல. யார் கொடுத்தார்கள் என்பதுதான். நடுவர் குழுவில் யார் யார், அவர்களில் யாருக்கு யார் வேண்டியவர், போன வருடம் வாங்கியவர் இந்த வருடம் குழுவில் உட்கார்ந்திருக்கிறாரா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் புத்தகத்தைக் கையில் எடுப்போம். பல சமயம் விசாரணையிலேயே திருப்தி ஏற்பட்டுப் புத்தகத்தை எடுக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. மொழிபெயர்ப்பிலும் பத்திரிகையிலும் காலம் தள்ளும் எனக்கும் இந்த வியாதி இருக்கிறது. அப்படிப்பட்ட நான், ஒரு விருதின் இறுதிப் பட்டியலில் இருந்த ஆறையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம், அவை புத்தகங்கள் அல்ல. விளையாட்டுகள்.

ஜெர்மனியில் 1979லிருந்து ஒரு பரிசு கொடுத்துவருகிறார்கள். பெயர் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்'. ஆண்டின் விளையாட்டு என்று பொருள். கால்பந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் இல்லை. பலகை, சீட்டு, பகடை, காய்கள் என்று நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிறவற்றுக்கான பரிசு இது. முதல் வருடம் பரிசு வாங்கியது டேவிட் பார்லெட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய, முயலும் ஆமையும் ஓடும் பந்தயம். ஜெர்மனிக்குப் போனதும் ஆமை முள்ளெலியாக மாறிவிட்டது. அந்த நாட்டுக் கதையில் முயலை ஏமாற்றுவது முள்ளெலி. மொழிபெயர்ப்பு என்றால் இதுதான் என்று அப்போதே அந்தப் பரிசின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

1995ல் பரிசு பெற்ற 'கட்டான்' பிறகு உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்றது. அதை உருவாக்கிய கிளவுஸ் டாய்பர் தொழில்முறையில் செயற்கைப் பற்கள் செய்துகொண்டிருந்தவர், 2023ல் காலமானார். இன்று 3 பரிசுகள் இருக்கின்றன. குடும்பம் முழுவதும் ஆடக்கூடியதற்குச் சிவப்பு முத்திரை. கொஞ்சம் பழகியவர்களுக்கான 'கென்னர்ஷ்பீல்' 2011ல் வந்தது. குழந்தைகளுக்கானது நீல முத்திரை. ஒவ்வொன்றுக்கும் மே மாதம் 3 பெயர்களை அறிவிப்பார்கள்; பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்.

நம் ஊர் விசாரணையை இங்கேயும் நடத்திப் பார்த்தேன். நடுவர்கள் எல்லோரும் விளையாட்டுகளைப் பற்றி எழுதும் விமர்சகர்கள். தயாரிப்பாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் குழுவில் இடமில்லை. பரிசில் ரொக்கம் கிடையாது. மாறாக, ஜெயித்த நிறுவனம் பெட்டியின் மேல் அந்த முத்திரையை அச்சடித்துக்கொள்ள வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். கட்டிவிட்டுச் சந்தோஷமாக அச்சடித்துக்கொள்கிறார்கள். முத்திரை இருந்தால் விற்பனை ஆயிரங்களிலிருந்து லட்சங்களுக்குத் தாவும் என்பது அவர்களுக்குத் தெரியும். பரிசு வாங்குகிறவர் கொடுப்பவருக்குப் பணம் தருவது நம் ஊரிலும் நடக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். வித்தியாசம், அங்கே ரசீது கொடுக்கிறார்கள்.

என்னை இந்தப் பரிசின் பக்கம் இழுத்தவை இரண்டு விஷயங்கள். நடுவர்கள் நான்கைப் பார்க்கிறார்கள்: கருத்து புதியதா, விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றனவா, பெட்டியும் பலகையும் விதிப்புத்தகமும் ஒழுங்காக அமைந்திருக்கின்றனவா, பொருள்கள் உழைக்குமா. இரண்டாவதை மறுபடி படியுங்கள். விதிகளை எழுதிய உரைநடைக்கு மதிப்பெண் உண்டு! மிக்ஸிக்கும் பிரஷர் குக்கருக்கும் வரும் தமிழ்க் குறிப்பைப் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். கவிதையைத் தப்பாகப் பெயர்த்தால் 'வேறு வாசிப்பு' என்று தப்பித்துக்கொள்ளலாம். விதிப்புத்தகத்தில் ஒரு வாக்கியம் தடுமாறினால் நாலு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சண்டை போடுவார்கள்.

இன்னொன்று, பெயர் பற்றியது. 1988ல் நியூரம்பர்க் நகரில் நடந்த பொம்மைக் கண்காட்சியின்போது, விளையாட்டுகளை உருவாக்கும் 13 பேர் பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றை எடுத்து அதில் கையெழுத்துப் போட்டார்கள். பெட்டியின் மேல் எங்கள் பெயர் இல்லையென்றால் எந்த நிறுவனத்துக்கும் விளையாட்டைத் தரமாட்டோம் என்பது அதன் சாரம். இன்று பெட்டியைத் திருப்பிப் பார்க்காமலே ஆசிரியர் பெயரைப் படிக்க முடிகிறதென்றால் அந்த அட்டைக்கும் அதில் பங்குண்டு. நான் தமிழாக்கிய ஒரு நூல் அட்டையிலும் உள்ளேயும் என் பெயர் இல்லாமல் வெளிவந்தது. கேட்டபோது 'அடுத்த பதிப்பில்' என்றார்கள். அடுத்த பதிப்பு வரவேயில்லை. எங்கள் தொழிலில் 13 பேர் ஓர் இடத்தில் கூடுவதே கஷ்டம்.

நம் விளையாட்டுகளுக்கோ ஆசிரியரே இல்லை. தாயத்தை யார் கண்டுபிடித்தார்கள்? பல்லாங்குழியை? ஜெர்மானியர்கள் வீட்டுக்கு வீடு ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. அதன் பெயருக்கு 'மனிதா, கோபித்துக்கொள்ளாதே' என்று பொருள். அது நம் பச்சீசியின் வம்சம். அங்கே அதற்கு யோசெஃப் ஷ்மிட் என்று ஆசிரியர் பெயர் இருக்கிறது. இங்கே மூலத்துக்குப் பெயர் இல்லை. இதற்காக யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. விளையாட்டின் பெயரே அதைத் தடுக்கிறது.

அக்கா மகன் ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது, 2025ஆம் ஆண்டின் இறுதிப் பட்டியலில் இருந்தவற்றில் குழந்தைகள் பிரிவை விட்டு மீதி ஆறு பெட்டிகளையும் கொண்டுவந்தான். திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் பருப்புப் பொடியும் நாரத்தங்காயும் போயின. அவன் இருந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நடுவர் குழு கூடியது. குழுவில் அக்கா மகன், என் கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், நான், 74 வயதான என் அம்மா. ஆசிரியர்களில் யாரும் எங்களுக்கு வேண்டியவர் இல்லை. முத்திரை எதுவும் கைவசம் இல்லாததால் அபிப்பிராயங்களை மட்டும் தருகிறேன்.

முதலில் பழகியவர்களுக்கான பிரிவு. இதில் எனக்கு ஜெர்மன் நடுவர்களோடு தகராறு.

மூன்றில் ஒன்று 'லூட்'. ஷார்ல் ஷெவாலியேயும் லொரான் எஸ்கொஃபியேயும் உருவாக்கிய பிரெஞ்சு ஆட்டம். ஆங்கிலச் சொல்லில் ஓர் 'ஓ'வைக் கூடுதலாகச் சேர்த்து நீட்டிப் பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கிங் கொள்ளையர்கள் ஊர்களைச் சூறையாடி, கிடைத்ததைத் தங்கள் பலகையில் அடுக்குகிறார்கள். அடுக்குவது சுவாரசியமான வேலைதான். ஆனால் எனக்குச் சொல்தான் உறுத்தியது. கொள்ளை என்று பொருள்படும் இந்த ஆங்கிலச் சொல் கம்பெனி காலத்தில் இந்தியிலிருந்து போனது. பொருளை எடுத்துக்கொண்டு போனவர்கள், எடுத்துக்கொண்டதற்கான சொல்லையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போனார்கள். தமிழில் பிள்ளைகள் அடிக்கும் லூட்டிகூட அதற்குப் பங்காளி போலத்தான் தெரிகிறது. ஆட்டத்தில் கொள்ளைக்காரர்கள் கொழுகொழுவென்று அழகாக இருக்கிறார்கள். கொள்ளை போகும் வீட்டுக்காரர்கள் எங்கே என்று என் மகள் கேட்டாள். படத்தில் இல்லை.

பரிசு வாங்கியது 'எண்டெவர்: ஆழ்கடல்'. கார்ல் டி விஸ்ஸர், ஜாரட் கிரே என்ற இரு நியூஸிலாந்துக்காரர்கள் உருவாக்கியது. ஆராய்ச்சிக் கப்பலோடு கடலுக்குள் இறங்கி, அங்குள்ள உயிர்களைப் படித்து, காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்ற வேண்டும். நல்ல விஷயம்தான். இதன் முன்கதை இன்னும் முக்கியமானது. இதே இருவர் 2009ல் 'எண்டெவர்' என்று ஓர் ஆட்டம் வெளியிட்டார்கள். அதில் ஐரோப்பியக் கப்பல்கள் உலகத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. பலகையில் இந்தியாவும் ஒரு பகுதி. அடிமை முறைக்குத் தனியாகச் சீட்டுக்கட்டு இருந்தது. எடுத்தால் சீக்கிரம் முன்னேறலாம், பின்னால் அடிமை ஒழிப்பு வந்தால் அதே சீட்டு நஷ்டமாகும். சரித்திரத்தை மறைக்காமல் வைத்தார்களே என்று பாராட்டியவர்கள் உண்டு. அடிமைகளைச் சீட்டாக்கி எண்ணுவதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. 16 வருடம் கழித்து அதே ஆசிரியர்கள் அதே இயந்திரத்தைக் கழற்றி, நாடு பிடிக்கும் கப்பலுக்குப் பதிலாக நாடே இல்லாத ஆழ்கடலில் ஆராய்ச்சிக் கப்பலை விட்டுப் பரிசும் வாங்கிவிட்டார்கள். திருந்தியதற்குப் பரிசு என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மேசையில் பரப்ப வேண்டிய வில்லைகளும் பலகைகளும் ஏராளம். பரப்பி முடிப்பதற்குள் அம்மா தூங்கப் போய்விட்டாள்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. 'ஃபாரவே', யொஹான்னஸ் கூபியும் கொரான்டன் லெப்ராவும் உருவாக்கியது. எட்டுச் சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இடமிருந்து வலமாக வைத்துக்கொண்டு போக வேண்டும். புள்ளிக் கணக்கு மட்டும் வலமிருந்து இடமாக. கடைசியில் வைத்த சீட்டுக்கு முதலில் கணக்கு. அப்போது மற்ற சீட்டுகள் எல்லாம் கவிழ்ந்திருக்கும். முதலில் வைத்த சீட்டு கடைசியாகத் திரும்பும். அப்போது எட்டும் கண் முன்னால் இருக்கும். எனவே ஆரம்பத்தில் பெரிய நிபந்தனைகள் உள்ள சீட்டை வைத்துவிட்டு, அந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் சீட்டுகளைப் பின்னால் தேடிச் சேர்க்க வேண்டும்.

விதியைக் கேட்டதும் என் கணவருக்குத் தலை சுற்றியது. எனக்குச் சுற்றவில்லை. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும் எவருக்கும் இது தினசரிப் பிழைப்பு. ஆங்கில வாக்கியம் வினையை முன்னால் சொல்லிவிட்டு, ஏன், எங்கே, யாரோடு என்பதையெல்லாம் வால் போல நீட்டிக்கொண்டு போகும். நாம் வாலைப் பிடித்து ஆரம்பித்து, பின்னாலிருந்து முன்னால் வந்து, வினையில் முடிக்க வேண்டும். இந்த வேலையை ஒருவன் பதினைந்து நிமிஷ ஆட்டமாக்கி, அதில் அழகான படங்களையும் போட்டுத் தந்தால் நான் எப்படி நடுநிலையாக இருக்க முடியும்? இருந்தாலும் தொழில் பாசத்தைத் தள்ளிவைத்துவிட்டுச் சொல்கிறேன். ஒரே ஒரு புதிய கருத்து, அதற்குத் தேவையான அளவு விதி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பழகியவர்களுக்கான பரிசு அதிகப் பொருள்கள் உள்ள பெட்டிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை.

இனி சிவப்பு முத்திரை. இதில் தகராறு இல்லை. ஆனால் ஒத்துப்போனதற்கான காரணம் நடுவர்களின் காரணமாக இருக்க முடியாது.

'ஃப்ளிப் 7' எரிக் ஒல்சன் என்ற அமெரிக்கருடைய சீட்டாட்டம். 0 முதல் 12 வரை எண்கள். 12 என்ற சீட்டு 12 தடவை இருக்கும், 11 என்பது 11 தடவை, இப்படியே இறங்கி 1 என்பது ஒரே ஒரு தடவை. உங்கள் முறை வரும்போது இன்னொரு சீட்டு வேண்டும் என்று கேட்கலாம், போதும் என்று நிறுத்தலாம். கையில் இருக்கும் எண் மறுபடி வந்தால் அந்தச் சுற்றில் பூஜ்யம். வெவ்வேறு எண்ணாக ஏழு சேர்ந்துவிட்டால் 15 கூடுதல் புள்ளி, சுற்றும் முடிந்தது. யார் முதலில் 200ஐத் தொடுகிறார்களோ அந்தச் சுற்றோடு ஆட்டம் தீரும். பெரிய எண்தான் அதிகப் புள்ளி, பெரிய எண்தான் அதிக ஆபத்தும். வாத்தியார் ஒரு வருடம் கஷ்டப்பட்டும் ஏறாத நிகழ்தகவு, என் மகளுக்கு இதில் இரண்டே ராத்திரியில் ஏறிவிட்டது. ஆறில் எது இன்னும் பத்து வருடம் வீட்டில் கிடந்து, சீட்டு அழுக்காகும் வரை ஆடப்படும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். குறை, யோசிக்க வேண்டியது குறைவு. போதும், வேண்டும் என்ற இரண்டு சொற்களுக்கு மேல் இதில் நாம் செய்வதற்கு அதிகம் இல்லை.

'க்ராக்கல் ஒராக்கல்' என்பதை உருவாக்கியவர்கள் தங்களை 'ஏழு பாஸிகள்' என்று அழைத்துக்கொள்ளும் ஒரு குழு. பாஸி என்றால் பவேரியப் பேச்சில் போக்கிரி. தலைப்பை நேராகப் பெயர்த்தால் 'கிறுக்கல் குறி' எனலாம், எதுகை போய்விடும். ஏற்கெனவே சிக்கலாகக் கிடக்கும் கோடுகளைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் புதிய கோடு போடக் கூடாது. இருக்கும் கோடுகளின் மேலேயே வரைந்து, உங்களுக்கு வந்த சொல்லைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். சொற்கள் ஜெர்மனில் இருந்ததால் நாங்கள் காகிதத் துண்டுகளில் ஆட்டுக்கல், தவில், வெற்றிலைப் பெட்டி என்று எழுதிப் போட்டு ஆடினோம். இதில் எனக்குப் பிடித்தது, வரையத் தெரிந்தவருக்கு எந்தச் சலுகையும் இல்லை என்பது. ஓவியப் போட்டியில் கோப்பை வாங்கிய மகளும், வாழ்க்கையில் கோலம் தவிர எதையும் வரையாத அம்மாவும் ஒரே நிலைமைதான். அம்மாவின் தவில் தவிலாகவே இருந்தது. மகளுடையது பூசணிக்காய். ஆனால் நாலாவது ராத்திரி கோடுகளைப் பார்த்தால் கண் வலித்தது. நல்ல விருந்தாளி; ஒரு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது.

பரிசு வாங்கியது 'பாம் பஸ்டர்ஸ்'. ஹிசாஷி ஹயாஷி உருவாக்கியது. இந்தப் பரிசை வாங்கிய முதல் ஜப்பானியர் அவர். வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் குழுவாக எல்லோரும் சேர்ந்து ஆட வேண்டும். ஜெயித்தால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். 1 முதல் 12 வரை எண் போட்ட கம்பிகள், ஒவ்வோர் எண்ணிலும் நான்கு. எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொண்டு, ஏறுவரிசையில் அடுக்கி, மற்றவர் பார்க்காமல் நிறுத்திவைக்க வேண்டும். உங்கள் முறையில் இன்னொருவரின் கம்பி ஒன்றைக் காட்டி, இது எட்டு என்று சொல்ல வேண்டும். ஒரு நிபந்தனை, உங்களிடமும் ஓர் எட்டு இருக்க வேண்டும். சரியென்றால் இரண்டையும் வெட்டிவிடலாம். தவறென்றால் வெடிகுண்டின் முள் ஒரு படி நகரும். காட்டிய கம்பியின் உண்மையான எண் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்படும். எண்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சிவப்புக் கம்பியைக் காட்டிவிட்டால் அங்கேயே முடிந்தது கதை. மொத்தம் 66 பணிகள். எளிதில் தொடங்கிக் கடினமாகிக்கொண்டே போகின்றன.

இதை எங்கள் வீட்டில் ஆடியபோது நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா தாயத்தில் புலி. ஆனால் ஜெயித்து நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் நானும் அக்காவும் ஆடும்போது, வெட்டக்கூடிய காயை விட்டுவிட்டு வேறு காயை நகர்த்துவாள். 'பாக்கலியே' என்பாள். மாமாக்களோடு ஆடினாலும் அப்பாவோடு ஆடினாலும் அப்படித்தான். இப்போது பேத்தியோடும் அதேதான். 'ஃப்ளிப் 7'லும் இந்த வேலையைக் காட்டினாள். அதில் 'உறைந்துபோ' என்று ஒரு சீட்டு உண்டு; அது கிடைத்தால் யாராவது ஒருவரை அந்தச் சுற்றில் அத்தோடு நிறுத்திவிடலாம். எல்லோரும் முன்னால் இருப்பவரை நிறுத்துவோம். அம்மா தன்னையே நிறுத்திக்கொண்டாள். பேத்தி 190ல் நிற்கும்போது, பாட்டி வேண்டுமென்றே சீட்டு கேட்டுக் கேட்டுப் பூஜ்யமானாள். 'எனக்கு அதிர்ஷ்டம் இல்லை' என்றாள். யாரும் நம்பவில்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருடமாக நம்பாமல் சும்மா இருந்து பழகியவர்கள்தானே நாங்கள்.

'பாம் பஸ்டர்ஸ்' முதல் நாள். அம்மா தன் கம்பிகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். யாருக்குத் தோற்றுக் கொடுப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. விட்டுக்கொடுத்தால் பேத்தியும் சேர்ந்து வெடிப்பாள்.

அக்கா மகன் அன்று வெளியே போயிருந்தான். நாலு பேர் ஆடினோம். பாதி ஆட்டத்தில் நிலைமை இது: ஏழில் இரண்டு ஏற்கெனவே வெட்டியாயிற்று. என் கணவர் மகளின் ஐந்தாவது கம்பியைக் காட்டி 'ஏழு' என்றார். அது எட்டு. முள் நகர்ந்தது. நான் மகளின் மூன்றாவதைக் காட்டி 'ஆறு' என்றேன். அது ஏழு. முள் மறுபடி நகர்ந்தது. அடுத்து அம்மா. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு மகளின் நாலாவது கம்பியில் விரலை வைத்து 'எட்டு' என்றாள். எட்டுதான்.

எப்படி என்று கேட்டோம். 'மூணாவது ஏழு, அஞ்சாவது எட்டு. நடுவுல இருக்கறது ஏழாவோ எட்டாவோதானே இருக்கணும்? செவப்பு அந்த எடத்துல வராதுன்னு பலகையிலயே போட்டிருக்கு. ஏழுல ரெண்டு போயாச்சு, ஒண்ணு இவகிட்ட இருக்கு. மிச்சம் ஒண்ணு மாப்பிள்ளைகிட்ட' என்றாள். அது எப்படித் தெரியும்? 'ஏழுன்னு கேட்டாரே. கையில இல்லாம கேப்பாரா?'

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தான் செய்த தப்பிலிருந்து மாமியார் கணக்குப் போட்டுவிட்டார் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் முன்னால் அம்மா இத்தனை நீளமாகப் பேசியதும் அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். அதன் பிறகு மூன்று வாரமும், சந்தேகம் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்தது அம்மாவைத்தான். எந்தக் காயையும் வெட்டாமல் எழுபது வருடம் ஆடியவள், கம்பிகளைச் சரம் சரமாக வெட்டினாள்.

இந்தப் பரிசைப் பற்றி விளையாட்டுப் பிரியர்களிடம் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. 2023ல் ஜெயித்த 'டோர்ஃப்ரொமான்டிக்' கூட்டாக ஆடுவது. 2024ல் ஜெயித்த, இரண்டு பேர் சேர்ந்து விமானத்தைத் தரையிறக்கும் 'ஸ்கை டீம்' கூட்டாட்டம். 2025லும் கூட்டாட்டம். 2013ல் 'ஹனாபி' ஜெயித்ததிலிருந்து கணக்கெடுத்தால் 13 பரிசுகளில் 6 இப்படிப் போயிருக்கின்றன. போட்டி இல்லாவிட்டால் விளையாட்டில் என்ன உயிர் இருக்கிறது, எல்லோரும் கைகோத்துக்கொண்டு நிற்பதற்கு பஜனை மடம் போதாதா என்பது அவர்கள் கேள்வி.

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. கூட்டாட்டத்தில் ஒரு வியாதி உண்டு. எல்லோர் கையும் எல்லோருக்கும் தெரியும் என்றால், அதிகம் பேசுகிறவர் மற்றவர்களுக்கும் சேர்த்து ஆடிவிடுவார். 2009ல் இறுதிப் பட்டியலில் இருந்து பரிசு வாங்காமல் போன 'பாண்டமிக்' நல்ல ஆட்டம். ஆனால் எங்கள் வீட்டில் அதை ஆடுவது என் கணவர் ஒருவர்தான். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் காய் நகர்த்துவோம். அலுவலகத்தில் நாற்பது பேரை மேய்ப்பவர், வீட்டில் மூன்று பேரை விட்டுவைப்பாரா? அப்படிப்பட்ட ஆட்டத்தில் அம்மா இன்னும் ஆழமாக ஒளிந்துகொண்டிருப்பாள்.

ஹயாஷியின் ஆட்டத்தில் இது முடியாது. என் கம்பிகள் எனக்கு மட்டும்தான் தெரியும். என் முறையில் நான்தான் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்தபடி யோசனை சொல்லவும் விதி இடம் தராது. உரக்கப் பேசுகிறவருக்கு இங்கே கூடுதல் பலம் கிடையாது. கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு உண்டு. குடும்பங்களில் இத்தனை காலம் யார் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போட்டிதான் விளையாட்டின் உயிர் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். போட்டியில் எல்லோரும் ஜெயிக்கத்தான் உட்கார்கிறார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? நம் வீடுகளில் தோற்பதற்கென்றே உட்காருகிறவர்கள் உண்டு. அது பெருந்தன்மை என்று நாமும் பாராட்டிவிட்டுக் காயை நகர்த்திக்கொண்டு போகிறோம். அந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் எவ்வளவு மூளை சும்மா கிடந்தது என்பது, தோற்றுக் கொடுக்க வழியில்லாத ஓர் ஆட்டம் வரும் வரை எங்களுக்குத் தெரியவில்லை. எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. என் அம்மா எப்படி யோசிப்பாள் என்பதை நான் ஒரு ஜப்பானியர் எழுதிய விதிப்புத்தகத்தின் மூலம்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சிவப்பு முத்திரைக்கு என் கையெழுத்தும் உண்டு.

அக்கா மகன் ஊருக்குத் திரும்பும்போது இந்தப் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனான். விதிகளைத் தமிழில் எழுதித் தரும்படி அம்மா கேட்டாள். இரண்டு நாளில் எழுதிப் பெட்டியில் வைத்தேன். என் மகள் படித்துவிட்டு மூன்று இடத்தில் புரியவில்லை என்று கோடு போட்டாள். மூன்றும் நியாயமான கோடுகள். திருத்தினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியும் பேத்தியும் தாயம் ஆடினார்கள். பேத்தியின் காய் பழம் எடுக்க இரண்டு கட்டம் இருக்கும்போது அம்மாவுக்குச் சரியான எண் விழுந்தது. வெட்டவில்லை. வேறு காயை நகர்த்திவிட்டு, 'பாக்கலியே' என்றாள்.

'பாட்டி, பொய்' என்றாள் என் மகள்.

அம்மா கட்டையைக் கீழே வைத்துவிட்டு, 'சரி, அந்தக் குண்டுப் பெட்டிய எடு' என்றாள்.